‘என்னைப் போலவே இருக்கட்டும்’

கேள்வி: என் மகள் அமெரிக்காவில் அந்நாட்டவர் ஒருவரை மணந்து வாழ்கிறாள். சென்ற மாதம் எனக்குப் பேரன் பிறந்தான். இரண்டாம் நாளே மருத்துவமனையில் அவனுக்கு ஆணுறுப்பின் முன்தோலை நீக்கிவிட்டார்கள். மருமகன் யூதரும் அல்லர், முஸ்லிமும் அல்லர். குழந்தைக்கு நோயும் இல்லை. கேட்டதற்கு, ‘என்னைப் போலவே இருக்கட்டும்’ என்றாராம். பெற்ற தகப்பனுக்கு இப்படியொரு மனம் எப்படி வருகிறது?
– வாசகி, திருச்சி

பதில்: உங்கள் மருமகன் உண்மையைச் சொல்லியிருக்கிறார். அதற்காகவாவது அவரைப் பாராட்டுங்கள். ‘சுத்தம்’, ‘ஆரோக்கியம்’ என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். 1987-இல் வெளியான டென்வர் நகரத்து ஆய்வொன்றில், 124 ஆண் குழந்தைகளின் பெற்றோரை விசாரித்தபோது, முடிவைத் தீர்மானித்தவற்றுள் மிக வலுவானது தகப்பனுக்கு அது செய்யப்பட்டிருந்ததா என்பதுதான் என்று தெரியவந்தது. மருத்துவக் காரணங்கள் அதற்குப் பின்னால்தான் நின்றன.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்வோம். காயல்பட்டினத்திலோ கீழக்கரையிலோ ஒரு தகப்பனார் மகனுக்கு மாலை சூட்டி மார்க்கக் கல்யாணம் (சுன்னத்) நடத்தும்போது, காரணத்தை அவர் தம் மனத்துக்குள் தேட வேண்டியதில்லை. மார்க்கம் சொல்கிறது, ஊர் கூடி வாழ்த்துகிறது. எட்டாம் நாளில் செய்யும் யூதத் தகப்பனுக்கும் அப்படியே. மதத்தின் கட்டளை இல்லாத அமெரிக்கத் தகப்பனோ காரணத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. நீங்கள் கேட்கும் மனத்தின் கதை அங்கேதான் தொடங்குகிறது.

அந்த நாட்டில் இது பரவியதே விசித்திரமான வழியில். 1870-இல் நியூயார்க் மருத்துவர் லூயிஸ் சேயர், நடக்க முடியாத ஒரு சிறுவனுக்கு முன்தோலை நீக்கிக் குணப்படுத்தியதாக அறிவித்தார். கார்ன்ஃபிளேக்ஸ் என்னும் சோளச் சீவலால் பெயர் பெற்ற மருத்துவர் கெல்லாக், சிறுவர்களின் சுயஇன்பத்தை நிறுத்த இது பெரும்பாலும் பலிக்கும் வழி என்றும், மயக்க மருந்து கொடுக்காமல் செய்வதே நல்லது என்றும் எழுதினார். அந்தக் காரணங்களை இன்று எந்த மருத்துவரும் சொல்வதில்லை. காரணம் செத்த பின்னும் பழக்கம் மட்டும் தகப்பனிடமிருந்து மகனுக்கு இறங்கிக்கொண்டே வந்தது.

ஏன் இறங்கியது? மகனுக்கு வேண்டாம் என்று சொல்ல வேண்டுமானால், தகப்பன் முதலில் தன்னிடம் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும்: ‘அப்படியானால் எனக்கு ஏன் செய்தார்கள்?’ தேவையில்லாமல், தன்னைக் கேட்காமல், தன்னை நேசித்த பெற்றோரே தன் உடம்பின் ஒரு பகுதியை எடுத்துவிட்டார்கள் என்ற பதில் எந்த ஆணுக்கும் எளிதில் விழுங்கக் கூடியதன்று. அதை விழுங்குவதைவிட, ‘எனக்கு ஒரு குறையும் இல்லை, அவனுக்கும் இருக்காது’ என்று சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடுவது எளிது. மகனுக்கும் செய்துவிட்டால், தனக்குச் செய்யப்பட்டதும் சரியென்று ஆகிவிடுகிறது. உளவியலில் முரண்பாட்டின் உறுத்தலைத் தணித்துக்கொள்ளுதல் என்று இதைத்தான் சொல்வார்கள்.

கையெழுத்துக்குப் பிறகு நடப்பதைப் பெரும்பாலும் தகப்பன் பார்ப்பதும் இல்லை. தாதி குழந்தையை வேறு அறைக்கு எடுத்துப் போகிறார். குழந்தையின் உருவத்துக்கே குழித்து வார்த்த பிளாஸ்டிக் பலகையில் கிடத்தி, கால்களைப் பட்டையால் கட்டுகிறார்கள். சிறிது நேரத்தில் துணியில் சுற்றித் திரும்பக் கொண்டுவந்து கொடுத்துவிடுகிறார்கள். உங்கள் மருமகன் பிறந்த காலத்தில் மரத்துப்போகும் ஊசி போடுவதுகூடப் பொது வழக்கமாக இருக்கவில்லை. வலி தணித்தே செய்ய வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி வலியுறுத்தியது 1999-இல்தான். அதே அகாடமி 2012-இல், பயன்கள் இடர்களைவிட அதிகம், ஆனாலும் எல்லாக் குழந்தைகளுக்கும் பரிந்துரைக்கும் அளவுக்கு இல்லை, பெற்றோரே முடிவு செய்யட்டும் என்றது. பயனே இல்லை என்று நானும் சொல்லவில்லை. சிறுநீர்த் தொற்று குறைகிறது என்பது உண்மை. ஆனால் மருத்துவர் இப்படிக் கைவிரிக்கும்போது, முடிவு மறுபடியும் தகப்பன் மனத்துக்கே போய்ச் சேர்கிறது.

அப்பாவைப் போல் இல்லையே என்று பிள்ளை ஏங்குவான் என்ற பயத்துக்கு அடிப்படை உண்டா? பிரிட்டனைப் பாருங்கள். 1949-இல் கெய்ர்ட்னர் என்ற மருத்துவர், பிறந்த குழந்தைக்கு முன்தோல் ஒட்டியிருப்பது இயல்பே, அதைப் பிரிக்கவோ நீக்கவோ அவசரமில்லை என்று எழுதினார். புதிதாக வந்திருந்த தேசிய சுகாதாரச் சேவையும் காரணமின்றிச் செய்வதற்குப் பணம் தரவில்லை. ஒரே தலைமுறையில் வழக்கம் பெரிதும் ஓய்ந்தது. அப்பாவுக்கு ஒரு விதம், மகனுக்கு ஒரு விதம் என்று எத்தனையோ வீடுகள். அதனால் பிள்ளைகள் தகப்பனை விட்டு விலகிவிடவில்லை. (செலவைத் தானே ஏற்க வேண்டும் என்றதும் தகப்பன் மனமும் கொஞ்சம் இளகும் போலிருக்கிறது.) சிறுவன் அப்பாவோடு தன்னை ஒப்பிட்டால் அவன் கண்ணில் முதலில் படுவது அளவும் ரோமமும்தான்.

தகப்பன் மனத்தை எல்லோரையும்விடக் கூர்மையாகப் பார்த்தவர் 12-ஆம் நூற்றாண்டு யூத அறிஞர் மைமோனிடஸ். அவரே மருத்துவர், இச்சடங்கை ஆதரித்தவரும்கூட. எட்டாம் நாளிலேயே செய்வதற்கு அவர் சொன்ன காரணங்களில் ஒன்று, பிறந்த குழந்தையின் மீது பெற்றோரின் பாசம் இன்னும் முற்றியிராது என்பது; சில ஆண்டுகள் போனால், பிள்ளையின் முகம் மனத்தில் பதிந்த தகப்பன், செய்யாமலே விட்டுவிடுவான் என்றார். உங்கள் பேரனுக்கு இரண்டாம் நாளிலேயே நடந்துவிட்டது.

‘இப்படியொரு மனமா’ என்று நீங்கள் வியப்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை. ‘எங்கப்பா என்னை பெல்ட்டால் அடிச்சு வளர்த்தார், நான் நல்லாத்தானே இருக்கேன்’ என்று சொல்லிக்கொண்டே மகனை அடிக்கும் தகப்பன் உங்கள் தெருவில் ஒருவர்கூட இல்லையா? இரண்டு வாக்கியமும் ஒரே மனத்திலிருந்துதான் வருகின்றன.

நடந்ததைப் பற்றி மருமகனிடம் இனிப் பேச வேண்டாம், காயம் ஆறட்டும். அடுத்ததும் ஆண் குழந்தையாக இருந்தால், ‘அண்ணனைப் போலவே இருக்கட்டும்’ என்று இன்னொரு காரணம் தயாராக வந்து நிற்கும். ஆகவே மருத்துவமனைப் படிவம் கைக்கு வருவதற்கு முன்பே, கர்ப்பத்தின் ஏழெட்டு மாதத்திலேயே பேசிவிட வேண்டும். பேச வேண்டியவள் உங்கள் மகள், நீங்கள் அல்ல.