பி.டி. பருத்திக்கொட்டையில் எடுத்த பருத்திப்பாலைக் குடிக்கலாமா?

கேள்வி: மதுரையில் வசிக்கிறோம். அப்பாவுக்கு 67 வயது. சர்க்கரை நோய்க்காக இரண்டு வேளை இன்சுலின் போடுகிறார். மாலையானால் தெருமுனை வண்டியில் ஒரு டம்ளர் பருத்திப்பால் குடிக்காமல் வீட்டுக்கு வரமாட்டார். என் தம்பிக்கும் அதே பழக்கம்; அவனுக்குக் கல்யாணமாகி ஒரு வருடம் ஆகிறது. இப்போது கிடைக்கும் பருத்திக்கொட்டை எல்லாமே மரபணு மாற்றியது, அதனால் புற்றுநோய் வரும், ஆண்மை போய்விடும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. இருவரையும் நிறுத்தச் சொல்லட்டுமா?

பதில்: உங்களுக்கு வந்த செய்தியில் முதல் பாதி உண்மைதான். இந்தியாவில் வணிக முறையில் பயிரிடப்படும் ஒரே மரபணு மாற்றுப் பயிர் பருத்தி. 2002-ல் அனுமதி கிடைத்தது. இன்று பருத்தி பயிராகும் பரப்பில் 90 சதவீதத்துக்கும் மேல் பி.டி. என்று சொல்லப்படும் மரபணு மாற்று ரகங்கள்தான். ஆகவே வண்டிக்காரர் ஊறவைத்து அரைக்கிற கொட்டையும் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். பருத்திக்கொட்டை எண்ணெய் வழியாகவும், வெளிநாட்டிலிருந்து இறக்குமதியாகும் சோயா எண்ணெய் வழியாகவும் நாம் பல வருடங்களாக மரபணு மாற்றுப் பயிர்களிலிருந்து வந்ததைச் சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்.

அடுத்த பாதிக்கு வருவோம். பி.டி. என்பது மண்ணில் இருக்கும் ஒரு பாக்டீரியாவின் பெயர்ச் சுருக்கம். அது உண்டாக்கும் க்ரை என்ற புரதம் காய்ப்புழுவின் குடலில் ஓட்டை போட்டு அதைக் கொல்லும். அந்தப் புரதத்துக்கான மரபணுவைப் பருத்தியில் சேர்த்திருக்கிறார்கள். புழுவின் குடல் காரத்தன்மை உள்ளது. அந்தப் புரதம் போய் ஒட்டிக்கொள்ள அதில் இடமும் இருக்கிறது. நம் வயிற்றில் இருப்பது அமிலம். நம் குடல் சுவரில் அது ஒட்டிக்கொள்ளும் இடமும் இல்லை. பருப்பில் இருக்கும் புரதத்தைப் போல அதுவும் செரித்துப் போகிறது. போதாததற்குப் பருத்திப்பாலை நன்றாகக் கொதிக்க வைத்துத்தான் இறக்குகிறார்கள். அந்தச் சூட்டிலேயே புரதம் தன் வடிவத்தை இழந்துவிடும். சுத்திகரித்த எண்ணெயில் புரதம் ஏறக்குறைய இருக்கவே இருக்காது.

புற்றுநோய்ப் பயம் பெரிதாகக் கிளம்பியது 2012-ல், பிரான்சில் செராலினி குழு வெளியிட்ட எலி ஆய்வால்தான். மரபணு மாற்றிய மக்காச்சோளம் தின்ற எலிகளின் உடலில் பெரிய பெரிய கட்டிகள் இருந்த படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்த வகை எலிக்கு, எந்தத் தீனி போட்டாலும், வயதானால் கட்டி வருவது வழக்கம். ஒரு பிரிவில் பத்து எலிகளை வைத்துக்கொண்டு தீனியால் வந்ததையும் வயதால் வந்ததையும் பிரித்துச் சொல்ல முடியாது. வெளியிட்ட ஆய்விதழே 2013-ல் அதைத் திரும்பப் பெற்றது. அமெரிக்காவில் 1990-களின் நடுவிலிருந்து இவ்வகை உணவைச் சாப்பிடுகிறார்கள், மேற்கு ஐரோப்பாவில் மிகக் குறைவு. இரண்டு பகுதிகளின் புற்றுநோய்க் கணக்கையும் ஒப்பிட்டுப் பார்த்த அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்களின் 2016 அறிக்கை, இந்த உணவால் நோய் கூடியதற்கான அடையாளம் எதையும் காணவில்லை.

அதற்காக மரபணு மாற்றினது எதுவானாலும் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடலாம் என்று நான் சொல்லமாட்டேன். ஒவ்வொரு பயிரையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். ஒருமுறை சோயாவில் சத்தைக் கூட்ட பிரேசில் கொட்டையின் மரபணு ஒன்றைச் சேர்த்தார்கள். அந்தக் கொட்டை ஒவ்வாதவர்களின் இரத்தத்தோடு சோதித்தபோது, ஒவ்வாமையைத் தூண்டும் புரதமும் சோயாவுக்குள் வந்துவிட்டது தெரிந்தது. 1996-ல் அந்த முடிவு வெளியானது; அந்தச் சோயா கடைக்கு வரவேயில்லை. சோதனை ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. பி.டி. கத்தரிக்காய்க்கு 2010 பிப்ரவரியில் மத்திய அரசு தடை போட்டபோதும், சுதந்திரமான சோதனைகள் போதவில்லை என்பதுதான் சொன்ன காரணங்களில் முக்கியமானது. நம் கோவை வேளாண் பல்கலைக்கழகமும் அந்தக் கத்தரிக்காயை உருவாக்குவதில் பங்கு கொண்டது. வங்கதேசம் 2013-ல் அதற்கு அனுமதி கொடுத்தது. அங்கே காய்த்துளைப்பான் புழுவுக்கு அடிக்கும் மருந்து நன்றாகக் குறைந்தது. பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்பதை வாங்குகிறவர் படித்துத் தெரிந்துகொள்ளும்படி அச்சிட வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது.

இப்போது தம்பி விஷயம். பருத்திக்கொட்டைக்கும் ஆண்களின் குழந்தைப்பேற்றுக்கும் தொடர்பு இருக்கிறது. ஆனால் அது மரபணு மாற்றத்தால் வந்ததல்ல. பருத்திக்கொட்டையில் காசிபால் என்ற மஞ்சள் நிறப்பொருள் இயற்கையிலேயே உண்டு. நம் பாட்டன் காலத்து நாட்டுப் பருத்தியிலும் இருந்தது, பி.டி. பருத்தியிலும் இருக்கிறது. பூச்சியிடமிருந்து தப்பிக்கச் செடி தானே வைத்துக்கொண்ட நஞ்சு அது. சீனாவில் சுத்திகரிக்காத பருத்திக்கொட்டை எண்ணெயில் சமைத்த ஊர்களில் குழந்தை பிறப்பது குறைந்ததைக் கவனித்து, 1970-களில் காசிபாலை ஆண்களுக்கான கருத்தடை மாத்திரையாகவே ஆயிரக்கணக்கானவர்களிடம் சோதித்தார்கள். விந்தணு குறைந்தது உண்மை. ஆனால் சிலருக்கு மாத்திரையை நிறுத்திய பிறகும் விந்தணு திரும்பவில்லை, சிலருக்கு இரத்தத்தில் பொட்டாசியம் இறங்கியது. அதனால் கைவிட்டார்கள்.

மாத்திரையாகத் தினமும் விழுங்கியதும் எப்போதாவது ஒரு டம்ளர் பருத்திப்பால் குடிப்பதும் ஒன்றல்ல. காசிபால் தண்ணீரில் எளிதில் கரையாது. கொதிக்க வைக்கும்போது ஒரு பகுதி புரதத்தோடு ஒட்டிக்கொண்டு செயலிழந்துவிடும். இருந்தாலும் குழந்தைக்காகக் காத்திருக்கும் வீட்டில், தினசரிப் பழக்கத்தை வாரத்துக்கு ஒரு தடவையாகக் குறைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். சுத்திகரிக்காத பருத்திக்கொட்டை எண்ணெய் சமையலுக்கு வேண்டவே வேண்டாம்.

வீட்டில் நீங்களே பருத்திப்பால் செய்வதாக இருந்தால், உரக்கடையில் விதைப்புக்காக விற்கும் விதையை எக்காரணம் கொண்டும் வாங்காதீர்கள். அதில் பூச்சிமருந்து பூசி, சாப்பிடக் கூடாது என்று தெரிவதற்காகச் சாயமும் ஏற்றியிருப்பார்கள். கழுவினாலும் போகாது. மளிகைக்கடையில் கிடைக்கும் சாயமில்லாத கொட்டைதான் சமையலுக்கு.

பருத்தி என்றால் எனக்குப் பயம் வருவது காட்டை நினைத்துத்தான். பி.டி. வந்த புதிதில் பச்சைக் காய்ப்புழுவுக்கு மருந்தடிப்பது வெகுவாகக் குறைந்தது. அது பெரிய நன்மை. மருந்தைத் தோளில் சுமப்பவர் மனிதர்தானே. அப்புறம் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அந்தப் புரதத்துக்குப் பழகிவிட்டது, சாறு உறிஞ்சும் பூச்சிகளும் பெருகின, மருந்தடிப்பும் திரும்ப ஏறியது. 2017-ல் மகாராஷ்டிராவின் விதர்பா பகுதியில் பருத்திக்கு மருந்தடித்த விவசாயிகளும் கூலித் தொழிலாளர்களும் 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். நான் பயிற்சி மருத்துவராக இருந்தபோது வாயில் நுரை தள்ள, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கி வந்தவர்களுக்கு விடிய விடிய பூச்சிமருந்து விஷத்தை முறிக்கும் அட்ரோபின் ஊசி போட்டிருக்கிறேன். முகக்கவசம் இல்லை, கையுறை இல்லை, காற்றுக்கு எதிராக நின்று அடித்திருப்பார்கள். உங்கள் சொந்தக்காரர் யாராவது பருத்தி போட்டிருந்தால், வாட்ஸ்அப் செய்திக்குப் பதிலாக இதைச் சொல்லுங்கள்: சட்டை முழுக்கையாக இருக்கட்டும், மூக்கும் வாயும் மூடியிருக்கட்டும், அடித்து முடித்ததும் சோப்புப் போட்டுக் குளிக்கட்டும், தலைசுற்றலோ வாந்தியோ வந்தால் மருந்து டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போகட்டும்.

கடைசியாக அப்பா. அவர் போட்டுக்கொள்ளும் இன்சுலினும் மரபணு மாற்றத்தில் வந்ததுதான். மனித இன்சுலினுக்கான மரபணுவைப் பாக்டீரியாவிலோ ஈஸ்ட்டிலோ சேர்த்துத் தயாரிக்கிறார்கள். 1982-லிருந்து இப்படிக் கிடைக்கிறது. அதற்கு முன்பு மாட்டிலிருந்தும் பன்றியிலிருந்தும் எடுத்த இன்சுலின்தான். ஆகவே அந்தப் பயம் அவருக்கு வேண்டாம். அவருடைய பிரச்சினை டம்ளரில் இருக்கும் வெல்லமும் அரிசி மாவும். கருப்பட்டி போட்டாலும் சர்க்கரை ஏறத்தான் செய்யும். வண்டிக்காரரிடம் இனிப்பு சேர்க்கும் முன்பே எடுத்துத் தரச் சொல்லி, அரை டம்ளரோடு நிறுத்தட்டும். முதல் தடவை குடித்த இரண்டு மணி நேரம் கழித்து வீட்டிலேயே சர்க்கரை அளவைப் பாருங்கள். 180-க்கு மேல் போனால், அந்த அளவைக் குறித்துக்கொண்டு அடுத்த முறை அவருடைய மருத்துவரிடம் காட்டுங்கள். இன்சுலின் அளவை நீங்களாகக் கூட்ட வேண்டாம்.