பார்கின்சன்ஸ் மறதிக்கு கோக்யூ10, கிரியேட்டின் குடுக்கலாமான்னு கேட்டதுக்கு

அப்பாவுக்கு பார்கின்சன்ஸ், அதுக்கான லெவோடோபா மருந்து எடுக்கிறாரு, இப்போ மறதி கூடிட்டே போகுது, கோக்யூ10, கிரியேட்டின்னு கடையில விக்கிற சத்து மாத்திரை, பவுடர் வாங்கவான்னு கேட்டிருக்கீங்க. வேண்டாங்க, அந்தக் காசை மிச்சம் பண்ணுங்க. பார்கின்சன்ஸ் இருக்கிறவங்களுக்கு கோக்யூ10-ஐ தினமும் 2400 மி.கி வரைக்கும் குடுத்துப் பாத்தாங்க, அந்தச் சோதனையை 2011-ல பாதியிலயே நிறுத்திட்டாங்க, கிரியேட்டினை 1700 பேருக்கு மேல வச்சு வருஷக்கணக்கா சோதிச்சதும் 2013-ல அப்படித்தான் முடிஞ்சுது, ரெண்டுலயும் பலன் தெரியல.

அதுக்குப் பதிலா முதல்ல பி12 டெஸ்ட் எடுங்க. லெவோடோபா ரொம்ப நாள் எடுக்கிறவங்களுக்கு பி12 குறைய வாய்ப்பு இருக்கு, ரத்தத்துல ஹோமோசிஸ்டீன்ங்கிற அமினோ அமிலமும் ஏறும், பி12 குறைஞ்சாலே ஞாபகம் தடுமாறும், ஆனா இது சரி பண்ணக்கூடிய விஷயம். தைராய்டும் சேத்துப் பாத்துருங்க. அப்புறம் மாத்திரை சீட்டுல ட்ரைஹெக்ஸிஃபெனிடில் இருக்கான்னு பாருங்க, நடுக்கத்துக்குக் குடுக்கிறது, வயசானவங்களுக்கு மறதியையும் குழப்பத்தையும் அதிகமாக்கும். இருந்தா நீங்களா நிறுத்திடாதீங்க, நியூராலஜிஸ்ட்கிட்ட கேளுங்க, மறதிக்கு ரிவாஸ்டிக்மைன் தேவையான்னும் அப்பவே கேட்டுடுங்க.

இரும்புச்சத்து மாத்திரை ஏதாவது குடுத்தா லெவோடோபாவோட சேத்துக் குடுக்காதீங்க, மருந்து உடம்புல சரியா சேராது, ரெண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்க. மறதி திடீர்னு ஒரு ரெண்டு நாள்ல கூடியிருந்தா மட்டும் காத்திருக்காதீங்க, யூரின் இன்ஃபெக்ஷனா இருக்கலாம், உடனே காட்டுங்க.