விண்டரில் கறிவேப்பிலை: டென்டுக்குள் சூடு நிற்கவும் காற்று ஓடவும்

கேள்வி: கனடாவில், டொரன்டோவின் ஸ்காபரோவில் இருக்கிறோம். வெளியில் தொட்டியில் நின்ற இரண்டு கறிவேப்பிலை, ஒரு முருங்கை, நாலைந்து கொச்சிக்காய் (மிளகாய்)ச் செடிகள் எல்லாவற்றையும் அக்டோபரில் பேஸ்மென்டுக்கு இறக்கினேன். வீட்டுக்குள் செடி வளர்ப்பதற்கான 4 அடிக்கு 2 அடி, 5 அடி உயரத் துணி டென்ட், 150 வாட் எல்.ஈ.டி. விளக்கு, 4 அங்குல விசிறி வாங்கிப் பூட்டியிருக்கிறேன். விசிறியைப் போட்டால் உள்ளே 17 பாகை செல்சியஸுக்கு இறங்கிவிடுகிறது. நிறுத்தினால் 25 வரை ஏறுகிறது, ஆனால் விடியும்போது டென்டின் சுவரெல்லாம் தண்ணீர் வடிகிறது. கறிவேப்பிலையில் கரி பூசினது போலவும் இருக்கிறது. உள்ளே சின்ன ஹீட்டர் வைக்கலாமா? விசிறிக் குழாயை ஜன்னலால் வெளியே விடச் சொல்கிறார்கள், சரியா?

பதில்: இரண்டும் வேண்டாம். உங்களிடம் இருக்கும் விளக்கும் விசிறியுமே போதும். விசிறி ஓடும் விதத்தைத்தான் மாற்ற வேண்டும்.

டென்ட் பற்றி இணையத்தில் கிடைக்கும் ஆலோசனைகளில் பெரும்பகுதி கஞ்சா வளர்ப்பவர்களுக்காக எழுதப்பட்டது. 2018 அக்டோபர் 17 முதல் ஒன்டாரியோவில் ஒரு வீட்டில் 4 செடிகள் வரை சட்டப்படி வளர்க்கலாம். கடைகளில் விற்கும் டென்ட், விசிறி, குழாய் எல்லாம் அந்தத் தேவையை வைத்தே அளவெடுக்கப்படுகின்றன. அவர்கள் கடும் வெளிச்சம் போடுகிறார்கள், அந்தச் சூட்டை வெளியேற்ற வேண்டும். நெருக்கமான பூங்கொத்துகள் ஈரம் பட்டால் உள்ளுக்குள் அழுகும். வாடையும் வீட்டில் பரவக்கூடாது. ஆகவே நிமிடத்துக்கு ஒருமுறை காற்று முழுவதையும் மாற்று, குழாயை வெளியே விடு என்கிறார்கள். கறிவேப்பிலைக்கு இந்தக் கவலைகள் இல்லை. அதே விதியை அதற்குப் போட்டால் குளிரில் வாடும்.

உங்கள் டென்டின் கொள்ளளவு 40 கன அடி. 4 அங்குல விசிறி முழு வேகத்தில் நிமிடத்துக்கு 200 கன அடி அளவில் இழுக்கும். அதாவது 12 விநாடிக்கு ஒருமுறை உள்ளிருக்கும் காற்று முழுவதும் போய்விடுகிறது. அவ்வளவு காற்றை பேஸ்மென்ட் சூட்டிலிருந்து வெறும் 5 பாகை உயர்த்தி வைக்கவே 570 வாட் தேவை. உங்கள் விளக்கு தருவது 150. அதனால்தான் விசிறி ஓடும்போது டென்டும் பேஸ்மென்டும் ஒரே குளிரில் நிற்கின்றன. ஹீட்டர் வாங்கினாலும் அந்தச் சூட்டை விசிறி அள்ளிக்கொண்டு போய்விடும்.

அப்படியானால் எவ்வளவு காற்று வேண்டும்? இதற்கு விடை நீங்கள் ஊற்றும் தண்ணீரில் இருக்கிறது. தொட்டியில் ஊற்றுவதில் ஏறக்குறைய முழுவதும் இலை வழியாகவோ மண்ணின் மேற்பரப்பு வழியாகவோ ஆவியாகி டென்டின் காற்றில்தான் சேர்கிறது. நாளுக்கு 1 லிட்டர் ஊற்றுகிறீர்கள் என்று வையுங்கள். டென்டுக்குள் 24 பாகை, 60 சதவீத ஈரப்பதம் என்றால் ஒரு கன மீட்டர் காற்று 13 கிராம் நீராவியைத் தாங்கியிருக்கும். பேஸ்மென்ட் காற்று 17 பாகை, 40 சதவீதம் என்றால் அதில் 6 கிராம்கூட இருக்காது. வெளியே போகும் ஒவ்வொரு கன மீட்டரும் 7 கிராம் சொச்சம் ஈரத்தை எடுத்துப் போகிறது. 1 லிட்டரையும் வெளியேற்ற 140 கன மீட்டருக்குச் சற்றுக் குறைவான காற்று போதும். உங்கள் விசிறிக்கு அது முழு வேகத்தில் 25 நிமிட வேலை. நீங்கள் அதை நாள் முழுக்க ஓட விட்டிருக்கிறீர்கள்.

அந்த 25 நிமிடத்தை ஒரே மூச்சில் முடிக்கக் கூடாது, நாள் முழுக்கப் பிரித்துக் கொடுக்க வேண்டும். வேகத்தை ஐந்தில் ஒரு பங்காகக் குறைத்து, டைமரில் 3 மணி நேரத்துக்கு ஒருமுறை 15 நிமிடம் ஓடும்படி வையுங்கள். ஈரப்பதம் பார்த்துத் தானே இயங்கும் கட்டுப்பாட்டுக் கருவி கிடைத்தால் இன்னும் நல்லது: 65 சதவீதத்தில் தொடங்கி 55-இல் நிற்கட்டும். இதைத் தவிர உள்ளே ஒரு சிறு கிளிப் விசிறி எப்போதும் சுழல வேண்டும். அது காற்றை வெளியே தள்ளுவதில்லை, ஆகவே சூட்டைத் திருடாது. இலைகள் லேசாக அசைந்தால் போதும்.

இனி விடியற்காலைத் தண்ணீர். 24 பாகையில் 60 சதவீத ஈரத்தோடு இருக்கும் அதே காற்று, விளக்கு அணைந்து 17 பாகைக்கு இறங்கினால் ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தாண்டிவிடும். ஒரு சொட்டு நீர்கூட நீங்கள் சேர்க்கவில்லை, காற்று குளிர்ந்தது மட்டுமே காரணம். அந்த நேரத்தில் விசிறியும் நின்றிருந்தால் சுவர் வியர்க்காமல் என்ன செய்யும்? விளக்கு அணைந்த பிறகு அரை மணி நேரம் விசிறி ஓடட்டும். அதைவிட முக்கியமாக, விளக்கை இரவுக்கு மாற்றுங்கள். மாலை 7 முதல் காலை 7 வரை எரிந்தால், பேஸ்மென்ட் அதிகம் குளிரும் நேரத்தில் விளக்கே ஹீட்டராகிவிடும். ஒன்டாரியோவில் நேரத்துக்கு ஏற்ற கட்டணம் செலுத்துபவர்களுக்கு வார நாட்களில் மின்சாரம் மலிவாக இருப்பதும் அந்த 12 மணி நேரத்தில்தான். கறிவேப்பிலைக்கு இரவென்ன பகலென்ன, 12 மணி நேர வெளிச்சம் கிடைத்தால் சரி.

டென்ட் வெளிச்சுவரை ஒட்டி நின்றால் அரை அடியாவது தள்ளி வையுங்கள். குளிர்ந்த கான்கிரீட்டுக்கு எதிரே இருக்கும் துணியில்தான் முதலில் துளி படியும். தொட்டிகளைத் தரையில் வைக்காதீர்கள். 2 அங்குல ஃபோம் பலகை, அதன் மேல் ஒட்டுப்பலகை, பிறகு தொட்டி. இலைக்கு 24 பாகை கொடுத்துவிட்டு வேரை 13-இல் நிற்க விட்டால் செடி தண்ணீரை இழுக்காது, இலை மஞ்சளாகி உதிரும். பலர் இதைத் தண்ணீர் போதாமை என்று நினைத்து மேலும் ஊற்றி வேரை அழுக விடுகிறார்கள். குழாயிலிருந்து நேரே பிடித்த குளிர்நீரையும் ஊற்றாதீர்கள், அறைச் சூட்டுக்கு வந்த பிறகு ஊற்றுங்கள். இன்னும் சூடு வேண்டுமென்றால் காற்றைச் சூடாக்குவதைவிட, விதை முளைக்க வைக்கும் ஹீட் மேட்டைத் தெர்மோஸ்டாட்டுடன் தொட்டிக்கு அடியில் போடுங்கள். துணியும் தண்ணீரும் மின்கம்பியும் நெருங்கியிருக்கும் டென்டுக்குள் சூட்டுக்கம்பி ஹீட்டர் வைத்தால் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. புரொப்பேன், மண்ணெண்ணெய் ஹீட்டர்களை பேஸ்மென்டுக்குள்ளேயே கொண்டு வராதீர்கள். கார்பன் மோனாக்சைடு உயிரை எடுக்கும்.

குழாயை ஜன்னலால் விட வேண்டாம் என்றதற்கும் இதே அபாயம் ஒரு காரணம். வீட்டுக் காற்றை விடாமல் வெளியே இழுத்தால், அதே அளவு குளிர்காற்று இடுக்குகள் வழியாக உள்ளே வரும். பழைய மாதிரி கேஸ் வாட்டர் ஹீட்டர் பேஸ்மென்டில் இருந்தால், புகைபோக்கியில் மேலே போக வேண்டிய புகை திரும்பி உள்ளே இறங்கவும் கூடும். குழாயை பேஸ்மென்டுக்குள்ளேயே விடுங்கள். சூடு வீட்டிலேயே இருக்கும், வறண்ட விண்டர் காற்றுக்கு அந்த ஈரமும் நல்லதே. மைனஸ் 15-இல் இருக்கும் காற்றை வீட்டுக்குள் 20 பாகைக்குச் சூடாக்கினால் அதன் ஈரப்பதம் 10 சதவீதத்துக்கும் கீழே போய்விடும் என்பதை எண்ணிப் பாருங்கள். பேஸ்மென்ட் ஜன்னலில் நீர் படியத் தொடங்கினால் மட்டும் செடிகளுக்குத் தண்ணீரைக் குறையுங்கள்.

கரி பூசினது போல இருப்பதற்கும் காற்றோட்டத்துக்கும் நேரடித் தொடர்பு இல்லை. அது கரும்பூசணம். செதில் பூச்சி சாற்றை உறிஞ்சிக் கழிக்கும் இனிப்பு நீரில் வளர்வது. இலையின் அடிநரம்பிலும் தண்டிலும் பழுப்பு நிறச் சிறு மேடுகளைத் தேடுங்கள். பழைய பல்துலக்கியால் தேய்த்து எடுத்து, ஒரு லிட்டர் நீரில் சில துளி பாத்திரச் சோப்பு கலந்து கழுவி, நல்ல நீரால் அலசுங்கள். குஞ்சுகள் பின்னால் பொரிக்கும், அதனால் வாரம் ஒருமுறையாக மூன்று தடவையாவது செய்ய வேண்டும். சமையலுக்குப் பறிக்கும் இலை என்பதால், செடிக்குள் ஊறிப் பரவும் பூச்சிமருந்துகளைத் தொடவே வேண்டாம்.

முருங்கையை டென்டிலிருந்து வெளியே எடுத்துவிடுங்கள். ஒன்றரை அடி உயரத்தில் வெட்டி, 12 முதல் 15 பாகையுள்ள மூலையில், மண் காய்ந்து பல நாளான பின் கொஞ்சமாக நீர் விட்டு உறங்க விட்டால் வசந்தத்தில் தளிர்க்கும். அது போனால் டென்டில் சேரும் ஈரமும் குறையும், கறிவேப்பிலைக்கு வெளிச்சமும் கூடும். கொச்சிக்காயில் நன்றாகக் காய்க்கும் இரண்டை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். குறைந்தபட்ச, அதிகபட்ச அளவுகளை நினைவில் வைக்கும் ஈரமானி ஒன்றை இலை உயரத்தில், விளக்கின் நேர் வெளிச்சம் படாமல் தொங்கவிட்டு ஒரு வாரம் எழுதி வாருங்கள். விளக்கு எரியும்போது 22 முதல் 25, அணைந்தபின் 17-க்குக் குறையாமல், ஈரப்பதம் எப்போதும் 75-ஐத் தாண்டாமல் இருந்தால் எதையும் மாற்ற வேண்டாம். ஈரம் மட்டும் தாண்டினால் விசிறிக்கு இன்னும் 15 நிமிடம் கூட்டுங்கள். சூடு மட்டும் குறைந்தால் டென்டுக்கு வெளியே, பேஸ்மென்ட் அறையில், எண்ணெய் நிரப்பிய ஹீட்டர் ஒன்றைக் குறைந்த அளவில் வையுங்கள்.