மாரத்தான் ஓட்டமும் மாதச் சம்பளமும்

அன்புள்ள ஐயா,

என் மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். பள்ளியில் 5,000 மீட்டர் ஓடி மாநிலப் போட்டிவரை போனவள். இப்போது ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும், எங்காவது 21 கிலோமீட்டர் ஓடக் கிளம்பிவிடுகிறாள். டிகிரி முடிந்ததும் மாரத்தான்தான் தொழில் என்கிறாள். இதை நம்பிப் பிழைக்க முடியுமா? இருபத்தைந்து வயதோடு முடிந்துபோகிற காரியம்தானே? கல்யாணம், குழந்தை என்று வந்தால் என்ன ஆகும்? அவளைத் தடுக்கவும் மனசு வரவில்லை.

ஆர்., திண்டுக்கல்

அன்புள்ள ஆர்.,

வயதுக் கவலையை முதலில் விடுங்கள். மாரத்தானில் பலர் தலையெடுப்பதே முப்பதை ஒட்டித்தான். கென்யாவின் எட்னா கிப்லகாட்டைப் பாருங்கள். 2024 பாஸ்டன் மாரத்தானில் அவர் மூன்றாவதாக வந்தபோது வயது 44. நேரம் 2 மணி 23 நிமிடம் 21 விநாடி, முதலில் வந்த ஹெலன் ஒபிரிக்கும் அவருக்கும் இடைவெளி 44 விநாடி. (வயதும் விநாடியும் ஒத்துப்போனது தற்செயல்தான், ஆனால் எனக்குப் பிடித்த தற்செயல்.) நம் ஓ.பி.ஜெய்ஷா 2015இல் பெய்ஜிங்கில் தேசிய சாதனையாக ஓடிய நேரம் 2:34:43 என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

நீங்கள் கவலைப்பட வேண்டியது இருபத்தைந்துக்குப் பிறகு வரும் வயதைப் பற்றியல்ல, அதற்கு முன்னும் பின்னும் கையில் காசில்லாமல் ஓட வேண்டிய வருடங்களைப் பற்றி. கிப்லகாட் 1996இல், பதினாறு வயதில், ஜூனியர் உலகப் போட்டியில் 3,000 மீட்டரில் வெள்ளி வாங்கினார். 1998இல் வெண்கலம். இந்த இரண்டு பதக்கத்தோடு ஒரு பெண் நம் ஊருக்குத் திரும்பினால் ரயில் நிலையத்திலேயே மாலை போடுவோம். ஆனால் அவர் 2005இல் லாஸ் வேகாஸில் ஓடிய முதல் மாரத்தான் 2 மணி 50 நிமிடம், பதின்மூன்றாவது இடம். பெரிய பெயர் 2010இல்தான் வந்தது, லாஸ் ஏஞ்சலஸையும் நியூயார்க்கையும் ஒரே ஆண்டில் ஜெயித்தபோது. நடுவில் பன்னிரண்டு வருடம் போய்விட்டது. அடுத்த ஆண்டே உலகச் சாம்பியன், 2013இல் மாஸ்கோவில் மறுபடியும். பெண்கள் மாரத்தானில் உலகப் பட்டத்தைத் தக்கவைத்த முதல் ஆள் அவர்தான். ஒலிம்பிக் மட்டும் கைகொடுக்கவில்லை, லண்டனில் இருபதாவது இடம். இத்தனைக்கும் நடுவில்தான் குடும்பம், தான் பெற்ற பிள்ளைகள், மார்பகப் புற்றுநோயில் இறந்த சகோதரியின் பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்பு எல்லாம். அவர் கென்யக் காவல்துறைக்காரர். நம்மிடம் ரயில்வேயும் ராணுவமும் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் எடுப்பதுபோல அங்கே ஓட்டக்காரர்களுக்குக் காவல்துறை வேலை. கணவரும் ஓட்டக்காரர், அவர்தான் பயிற்சியாளர்.

காசு விஷயத்துக்கு வருகிறேன். உடம்பு தாங்க வேண்டுமென்றால் வருடத்துக்கு இரண்டு மாரத்தான், மிஞ்சினால் மூன்று. இரண்டு போகம் மட்டும் விளைகிற நிலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு வயிறு கலங்கினாலோ கெண்டைச்சதை பிடித்துக்கொண்டாலோ நாலு மாத உழைப்பு போச்சு. வருமானம் பரிசுப் பணம், போட்டியில் கலந்துகொள்வதற்கென்றே தரும் தொகை, குறிப்பிட்ட நேரத்துக்குள் ஓடினால் போனஸ், காலணி நிறுவன ஒப்பந்தம் என்று பல வழியில் வரும், ஏஜென்டுக்கும் வரிக்கும் போய்விட்டு மிச்சம் கைக்கு வரும். அந்த மிச்சமும் சொன்ன நாளில் வராது. 2021 பாஸ்டனில் கிப்லகாட் இரண்டாவது. முதலில் வந்த டயானா கிப்யோகெய் ஊக்கமருந்தில் மாட்டி, பட்டம் கிப்லகாட்டுக்கு வர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. முதல் பரிசு ஒன்றரை லட்சம் டாலர், அவர் வாங்கியிருந்தது அதில் பாதி. மீதி 75,000 டாலர் வராமலே கிடந்து, கடைசியில் 2025இல் போட்டியை நடத்தும் சங்கம் இப்படி ஏமாற்றப்பட்டவர்களுக்குத் தன் கையிலிருந்தே கொடுப்பதாக அறிவித்தது. இதற்கு முன்பே கென்யாவின் ரீட்டா ஜெப்டூ ஊக்கமருந்தில் மாட்டியபோதும், உலகின் பெரிய மாரத்தான்களைச் சேர்த்து நடத்தும், ஐந்து லட்சம் டாலர் பரிசுள்ள தொடரின் பட்டம் இப்படித்தான் தாமதமாகக் கிப்லகாட் கைக்கு வந்தது. நேர்மையாக ஓடுகிறவர் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டிய தொழில் இது, எனக்கு இதில் கோபம் உண்டு.

அவரைப் பற்றி இன்னொன்று. முன்னணி ஓட்டக்காரர்களுக்குச் சாலையோர மேசையில் அவரவர் பானத்தை அவரவர் பாட்டிலில் வைத்திருப்பார்கள், ஓடிக்கொண்டே எடுக்க வேண்டும். 2017 பாஸ்டனில் கிப்லகாட் ஒரு பாட்டிலை எடுத்துப் பார்த்தால் அது வேறொருவருடையது. நின்று, திரும்பி வந்து, அதை மேசையில் வைத்துவிட்டுத் தன்னுடையதை எடுத்துக்கொண்டு ஓடினார். முன்னால் போன கூட்டத்தைப் பிடித்து, பாதையின் பிற்பகுதியில் வரும் நியூட்டன் மேடுகளில் தனியே பிரிந்து, ஏறக்குறைய ஒரு நிமிட வித்தியாசத்தில் ஜெயித்தார். எனக்கு அவரைப் பிடிக்க அந்த வீடியோ ஒன்றே போதும்.

குழந்தை பற்றிக் கேட்டிருந்தீர்கள். பெற்றுக்கொண்டு திரும்பி வந்து ஜெயித்தவர்கள் நிறையப் பேர். உடம்பைவிட ஒப்பந்தம்தான் தடையாக இருந்திருக்கிறது. கர்ப்பகாலத்தில் காலணி நிறுவனமான நைக்கி சம்பளத்தை நிறுத்தியதை அமெரிக்க மாரத்தான் ஓட்டக்காரர் காரா கௌச்சர் 2019இல் வெளிப்படையாகச் சொன்னார். வேறு வீராங்கனைகளும் பேசிய பிறகு நைக்கி அந்த ஆண்டே விதியை மாற்றியது.

உங்கள் மகள் விஷயத்தில் எனக்குப் பிடிக்காதது இந்த ஞாயிற்றுக்கிழமை 21 கிலோமீட்டர்தான். டி-ஷர்ட்டும் மெடலும் கொடுப்பார்கள், சரி, ஆனால் வாராவாரம் போட்டி வேகத்தில் ஓடினால் முழங்கால்தான் முதலில் பேசும். இந்த வயதில் டிராக்கில் 5,000, 10,000 மீட்டர் ஓடி வேகத்தை ஏற்றட்டும், பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்குப் போகட்டும், அங்கே வாங்கும் சான்றிதழ்தான் கோட்டா வேலைக்கு விண்ணப்பிக்கும்போது உதவும். வேலை கிடைத்து மாதச் சம்பளம் வர ஆரம்பித்த பிறகு 42 கிலோமீட்டரைத் தொடட்டும், ஒன்றும் கெட்டுப்போகாது. நான் பயிற்சியாளர் இல்லை, அதனால் இதையே வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். கடிதத்தில் அவளுடைய 5,000 மீட்டர் நேரத்தை எழுதவில்லையே, அதையும், கடைசியாக எப்போது ஓடினாள் என்பதையும் எழுதுங்கள். அதைப் பார்த்துச் சொல்லத் தெரிந்த ஒருவரிடம் கேட்டு எழுதுகிறேன்.