பூங்காவுக்காக ஊரைக் கேட்கிற வேலை: ஸ்காபுறோத் தாய் ஒருவருக்குப் பதில்

அன்பின் சகோதரிக்கு,

"கூட்டம் வைக்கிறதுக்கும் ஆள் வைத்துச் சம்பளம் குடுக்கிறாங்களா?" என்று, பூங்காத் திட்டங்களுக்குப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கிற வேலைக்குத்தான் படிக்கப் போகிறேன் என்று நிற்கிற உங்கள் மகளைப் பற்றி எழுதும்போது கேட்டிருக்கிறீர்கள். கொடுக்கிறார்கள். ரொறன்ரோ மாநகரசபையில் பொதுமக்களிடம் கருத்துக் கேட்பதை ஒழுங்குபடுத்துவதற்கென்றே முழுநேரப் பணியாளர்கள் இருக்கிறார்கள். சுற்றியுள்ள மற்றச் சபைகளிலும், அவற்றுக்கு ஒப்பந்தத்தில் வேலை செய்து கொடுக்கிற திட்டமிடல், நிலவடிவமைப்பு நிறுவனங்களிலும் இதே வேலை வேறு வேறு பதவிப் பெயர்களில் இருக்கிறது. ஆகவே உங்கள் மகள் இல்லாத ஒன்றைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. அது அவளுக்கு ஒத்துவருமா என்பதைத்தான் பார்க்க வேண்டும். அதற்கு முதல், இந்த வேலையில் கூட்டம் எவ்வளவு சின்னப் பங்கு என்று உங்கள் இருவருக்கும் தெரிய வேண்டும்.

ஒரு பூங்காவில் பழைய ஊஞ்சலையும் சறுக்குமரத்தையும் கழற்றிவிட்டுப் புதிதாகப் போடப் போகிறார்கள் என்று வையுங்கள். சபை பணம் ஒதுக்கியாயிற்று. கருத்துக் கேட்பதை நடத்துகிற ஒருங்கிணைப்பாளர் முதலில் பொறியியலாளரையும் நிலவடிவமைப்பாளரையும் இருத்தி, இதில் எது மாறலாம், எது மாறாது என்று பிரித்துக் கேட்பார். பணத்தொகை மாறாது. மழைநீர்க் குழாய் போகிற இடத்துக்கு மேல் ஒன்றும் கட்ட ஏலாது. பெரிய மரத்தின் வேர்ப்பகுதியைத் தோண்ட ஏலாது. கீழே மரத்துகளா றப்பரா, தண்ணீர் விளையாட்டா நிழற்கூரையா, வாங்கில்களை எந்தப் பக்கம் போடுவது என்பவை மாறலாம். இந்தப் பிரிப்பைச் செய்யாமல் "உங்களுக்கு என்ன வேணும்?" என்று ஊரைக் கேட்டால் ஊர் நீச்சல்குளம் கேட்கும். அதில் ஊரின் பிழை ஒன்றுமில்லை.

அதற்குப் பிறகு பூங்கா வாசலில் அறிவிப்புப் பலகை, வீடுகளுக்குத் தபாலில் துண்டுப்பிரசுரம், நகரசபை உறுப்பினரின் அலுவலகத்துக்குத் தகவல், இணையத்தில் கேள்விக்கொத்து, சனிக்கிழமை பூங்காவுக்குள்ளேயே ஒரு கூடாரம். ஓரளவு பெரிய திட்டமென்றால் பெரும்பாலும் மூன்று சுற்று வரும்: முதலில் தேவைகள், அடுத்து இரண்டு மூன்று வரைவுகள், கடைசியில் தெரிவான வரைவு. ஒவ்வொரு சுற்று முடியவும் "நீங்கள் சொன்னது இது, நாங்கள் ஏற்றது இது, ஏற்க ஏலாதது இது, காரணம் இது" என்று ஓர் அறிக்கை எழுத வேண்டும். நூற்றுக்கணக்கான கருத்துகளை வாசித்து, பிடிக்காததை விழுங்காமல், வகைப்படுத்திச் சில பக்கங்களில் எழுதுகிற கெட்டித்தனம்தான் இங்கே சோறு போடும். மகள் நல்லாய்க் கதைப்பாள் என்று எழுதியிருந்தீர்கள். அவளுடைய ஆங்கிலக் கட்டுரைகளுக்கு என்ன புள்ளி வருகிறது என்று எழுதவில்லை. நான் முதலில் கேட்பது அதைத்தான்.

சட்டம் எங்கே நிற்கிறது என்பதும் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒன்ராறியோவின் திட்டமிடல் சட்டப்படி, ஓர் இடத்தின் நிலப்பயன்பாட்டு விதியை மாற்றும்போது பொதுமக்களுக்கு அறிவித்து அவர்களின் சொல்லைக் கேட்க வழி வைத்திருக்கிறார்கள். பழைய பூங்காவைப் புதுப்பிப்பதற்கு அந்தச் சட்டம் கூட்டம் கேட்பதில்லை. சபைகள் தங்கள் கொள்கையாகவே அதைச் செய்கின்றன. ஆனால் ஓர் இடத்தில் சட்டம் கண்டிப்பாக நிற்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்காக 2005இல் வந்த அணுகல் சட்டத்தின் கீழ் 191/11 என்ற ஒழுங்குவிதி இருக்கிறது. சபை ஒரு வெளிப்புற விளையாட்டிடத்தைப் புதிதாகக் கட்டினாலும் மீளமைத்தாலும், மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகளின் தேவைகளைப் பற்றிப் பொதுமக்களிடமும், மாற்றுத்திறனாளிகளிடமும், தனது அணுகல் ஆலோசனைக் குழுவிடமும் கேட்டே ஆக வேண்டும் என்கிறது அது. பிள்ளைகளைக் கூட்டிவருபவர்களின் தேவைகளையும் சேர்த்துத்தான் கேட்கச் சொல்கிறது. நடைவண்டி பிடித்துக்கொண்டு பேரப்பிள்ளையைக் கூட்டிவருகிற அம்மம்மாவும் அதற்குள் வருகிறார். பொழுதுபோக்கு நடைபாதைகளுக்கும் இதே விதிதான். சரிவு எவ்வளவு, இளைப்பாறுகிற இடம் எங்கே என்று கேட்க வேண்டும். நேர்முகத்தேர்வில் இந்த ஒழுங்குவிதியைத் தெரிந்து பேசுகிற இளம் ஆளைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

இனி, இந்த வேலையில் எனக்கு மதிப்பு வந்ததற்கான காரணம். இணையக் கேள்விக்கொத்தை நிரப்புகிறவர்கள் யார்? வீடு சொந்தமாக உள்ளவர்கள், ஆங்கிலம் தடையின்றி வாசிப்பவர்கள், நாய் வளர்ப்பவர்கள், ஏற்கெனவே ஏதோ ஒரு கோபத்தில் இருப்பவர்கள். காலை ஆறரைக்கே பூங்காவைச் சுற்றி நடக்கிற எங்கள் அப்பாமாரும் அம்மாமாரும் அதை நிரப்புவதில்லை. தொடர்மாடியில் வாடகைக்கு இருக்கிற, இரவு வேலைக்குப் போகிற தகப்பனும் நிரப்புவதில்லை. உண்மையில் அந்தப் பூங்காவைக் கூடுதலாகப் பாவிப்பவர்கள் அவர்கள்தான். நல்ல ஒருங்கிணைப்பாளர் வந்த பதில்களை எண்ணுவதோடு நிற்காமல், யாருடைய பதில் வரவில்லை என்று தேடுவார். காலையில் பூங்காவுக்கே போவார், கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் நூலகத்துக்கும் போவார். அங்கே முதியவர்களிடம் கேட்டால் கழிவறை, சாய்மானம் உள்ள வாங்கில், பனி வழித்த பாதை என்று மூன்றே மூன்று கேட்பார்கள். வடிவான வரைபடம் அவர்களுக்குத் தேவையில்லை.

கிரிக்கெட்டை எடுங்கள். ஸ்காபுறோவில் மைதானம் கேட்டு நிற்கிற அணிகளுக்குக் குறைவில்லை. பேஸ்போல் மைதானம் ஒன்றை மாற்றித் தரச் சொன்னால் முப்பது வருடமாக அங்கே விளையாடுகிறவர்கள் எழும்புவார்கள். பக்கத்து வீட்டுக்காரர் பந்து யன்னலில் படும் என்பார், வாகனத்தை எங்கே விடுவார்கள் என்பார். நாயை அவிழ்த்துவிட வேலியிட்ட இடம் வேண்டும் என்று இன்னொரு கூட்டம் வரும். நகரத்தின் மேற்கே, ஹை பார்க் என்ற பெரிய பூங்காவுக்குள் கார் விடலாமா கூடாதா என்பதில் சைக்கிள்காரர்களும் நடக்க இயலாத முதியவர்களும் எதிரெதிராக நின்றார்கள். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருந்தது. நடுவில் நிற்கிறவர் ஒரு பக்கமும் சாயக்கூடாது. உங்கள் மகள் தன் இனத்து அணிக்குச் சார்பாக ஒரு வசனம் சொன்னாலும் அத்தோடு அந்த மண்டபத்தில் அவளுடைய பேச்சு எடுபடாது. அவள் எதற்கும் உடனே கொடி பிடிக்கிற பிள்ளையென்றால், உரிமைக்காக வாதாடுகிற அமைப்புகளில் அவளுக்கு நல்ல இடம் இருக்கிறது. இது வேறு சுபாவம் கேட்கிற தொழில்.

மனம் நோகிற பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். சில வேளை முடிவை மேலே எடுத்துவிட்டு, கருத்துக் கேட்கச் சொல்லிக் கீழே அனுப்புவார்கள். கலியாண மண்டபத்துக்கு முற்பணம் கட்டிவிட்டு, மாப்பிள்ளையைப் பிடிக்குதா என்று பெண்ணைக் கேட்கிற மாதிரி. சனங்கள் முட்டாள்கள் இல்லை, உடனே மோப்பம் பிடித்துவிடுவார்கள். ரொறன்ரோ ஏரிக்கரையில் உள்ள ஒன்ராறியோ பிளேஸ் என்ற பொழுதுபோக்கு வளாகத்தை மாற்றிக் கட்டுகிற விவகாரத்தில் மாகாண அரசு 2023இல் தனிச் சட்டமே இயற்றி, அந்த இடத்துக்கு மரபுரிமைச் சட்டத்திலிருந்து விலக்குக் கொடுத்தது. மரங்களும் தறிபட்டன. கருத்துக் கேட்டது கண்துடைப்பு என்று பலர் இன்றும் சொல்கிறார்கள். அப்படிப்பட்ட கோபத்தை வாங்குவது அமைச்சரின் முகமில்லை, வாசலில் பெயரட்டையோடு நிற்கிற ஊழியரின் முகம்.

இதற்கு இந்தத் துறையில் ஒரு காப்பு உண்டு. பொதுமக்கள் பங்கேற்புக்கான சர்வதேசச் சங்கம், சுருக்கமாக ஐஏபி2, ஐந்து படிநிலைகளை வகுத்திருக்கிறது: தகவல் சொல்வது, கருத்துக் கேட்பது, ஈடுபடுத்துவது, கூடித் தீர்மானிப்பது, முடிவை மக்களிடமே விடுவது. ஒவ்வொரு படிக்கும் மக்களுக்கு என்ன வாக்குறுதி கொடுக்கலாம் என்றும் அதில் இருக்கிறது. தகவல் மட்டும் சொல்ல வந்திருந்தால் தகவல் சொல்லத்தான் வந்தோம் என்று முதல் நிமிடத்திலேயே சொல்லிவிட வேண்டும். படியைக் கூட்டிச் சொல்வதுதான் பெரும்பாலான சண்டைகளின் வேர் என்பது என் அபிப்பிராயம். அந்தச் சங்கம் நடத்துகிற பயிற்சிகளைப் பட்டம் முடிந்த பிறகு எடுத்தால் போதும். இப்போது அதற்குக் காசு கட்ட வேண்டாம்.

படிப்புக்கு வருவோம். "பொதுமக்கள் கருத்தறிதல்" என்ற பெயரில் பட்டம் தேடி அலைய வேண்டாம். திட்டமிடல் பட்டம் ஒன்றை அடித்தளமாக வைத்துக்கொள்வதுதான் என் பரிந்துரை. ரொறன்ரோ மெற்றோபொலிற்றன் பல்கலைக்கழகத்தில் நகர, பிராந்தியத் திட்டமிடலுக்கு நான்கு வருடப் பட்டம் இருக்கிறது, வீட்டிலிருந்தே போய் வரலாம். வோட்டர்லூவில் திட்டமிடல் படிப்போடு கோ-ஒப் வேலைத் தவணைகள், அதாவது படிப்புக்கு இடையில் சம்பளத்துக்கு வேலை செய்கிற தவணைகள், வரும். அந்த அனுபவத்துக்காகவே விடுதிச் செலவைத் தாங்கலாம் என்பேன். வரைவதில் கை உள்ள பிள்ளையென்றால் குவெல்ஃபின் நிலவடிவமைப்புப் பட்டத்தையும் பார்க்கட்டும். அங்கீகாரம் பெற்ற திட்டமிடல் பட்டம் இருந்தால், வேலை அனுபவமும் பரீட்சையும் முடித்து, பதிவுபெற்ற தொழில்முறைத் திட்டமிடலாளர் ஆகலாம். கருத்துக் கேட்கிற வேலை சலித்துப்போனாலும் அந்தத் தகுதி கையில் நிற்கும். கூட்டத்துக்கும் எழுத்துக்கும் அப்பால் புள்ளிவிபரமும் கணினி வரைபடமும் கொஞ்சம் தெரிய வேண்டும். அதற்குப் பயப்படுகிறாளா என்று கேளுங்கள்.

வேலைப் பாதுகாப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தொடக்கத்தில் ஒப்பந்த வேலைதான் அநேகமாகக் கிடைக்கும். ஆறு மாதம், ஒரு வருடம் என்று போகும், மாலையிலும் சனி ஞாயிறிலும் நிற்க வேண்டி வரும். சபையில் நிரந்தரமானால், பதவியைப் பொறுத்துத் தொழிற்சங்கமும், ஓமேர்ஸ் என்கிற ஒன்ராறியோ நகரசபை ஊழியர் ஓய்வூதியமும், மருத்துவச் சலுகைகளும் சேரும். நேர்சிங் அளவுக்கு உடனே வேலை கிடைக்கும் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் விருப்பமில்லாத பிள்ளையை நேர்சிங்குக்கு அனுப்பி இரண்டாம் வருடத்தில் திருப்பி எடுத்த குடும்பங்கள் என்னிடம் வருகின்றன. அந்தச் செலவையும் கணக்கில் போடுங்கள்.

தமிழ் தெரிந்தது இந்த நகரத்தில் நிச்சயம் உதவும். ஒரேயொரு எச்சரிக்கை: அவளை மொழிபெயர்க்க மட்டும் கூப்பிடுகிற இடத்தில் அதிக காலம் நிற்க விடாதீர்கள். கேள்வியை வடிவமைக்கிற மேசையில் அவளுக்கு இடம் வேண்டும். மற்றவர் எழுதிய கேள்வியைத் தமிழில் வாசிப்பதோடு அவளுடைய வேலை முடிந்துவிடக்கூடாது.

இந்தக் குளிர்காலத்தில் செய்யக்கூடியவை சில. உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழுக்கு வேண்டிய 40 மணித்தியாலச் சமூகசேவையில் மிச்சம் இருந்தால், அதைச் சமூக மையத்திலோ சிறுவர் பொழுதுபோக்கு நிகழ்ச்சியிலோ செய்யட்டும். கோடையில் மாநகரசபையின் சிறுவர் முகாம்களில் சம்பளத்துக்கு வேலை கேட்கட்டும். ஒரு முகாமில் நாற்பது பிள்ளைகளைச் சமாளித்தவளுக்குப் பெரியவர்களின் கூட்டம் பெரிய பயமாக இராது. உங்கள் வட்டாரத்தில் அடுத்ததாக எந்தப் பூங்காவுக்குக் கருத்துக் கேட்கிறார்கள் என்று நகரசபை உறுப்பினரின் அலுவலகத்தில் கேட்டு, நீங்களும் அவளுமாகப் போங்கள். நீங்கள் உங்களுக்கு வேண்டியதைச் சொல்லுங்கள். அவள் ஒன்றும் சொல்லாமல், ஒருங்கிணைப்பாளர் கத்துகிறவரிடம் எப்படிக் கதைக்கிறார், பேசாமல் இருப்பவரிடம் எப்படிப் போகிறார் என்று மட்டும் பார்க்கட்டும். முடிந்தபின் அவரிடம் இரண்டு நிமிடம் கேட்டு, என்ன படித்தீர்கள் என்று விசாரிக்கட்டும். இப்படிக் கேட்கிற மாணவர்களை அநேகமானோர் விரட்டுவதில்லை.

பல்கலைக்கழக விண்ணப்பத்தின் அடிப்படைக் கட்டணத்துக்குள் மூன்று தெரிவுகள் அடங்கும். இரண்டைத் திட்டமிடலுக்கும் ஒன்றைப் புவியியல் அல்லது சுற்றுச்சூழல் கற்கைக்கும் வைக்கலாம். நேர்சிங்கையும் போட்டுப் பார்க்க உங்களுக்கு ஆசையென்றால் நான்காவதாக, உங்கள் காசில், அவளிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். ஜனவரி நடுப்பகுதியில் வருகிற விண்ணப்பத் திகதிக்கு முன்னர் பதினோராம் வகுப்புப் புள்ளிகளோடு அவள் எழுதிய கட்டுரை ஒன்றையும் எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். அவளே அனுப்பட்டும்.