மூணாறு எஸ்டேட் சபைக்கு வெளிநாட்டு மிஷனரி குடும்பம் வருகிறது. நாங்கள் என்னென்ன ஏற்பாடு செய்ய வேண்டும்?

முதலில் விசா. மிஷனரி விசாதானா என்று டிக்கெட் போடும் முன்பே கேட்டுவிடுங்கள். சுற்றுலா விசாவில் வந்து பிரசங்கம் செய்தால் விதிமீறல், திருப்பி அனுப்பிவிடுவார்கள். அவர்கள் வந்து இறங்கிய 24 மணி நேரத்துக்குள் வீடு கொடுத்தவர் ஆன்லைனில் தகவல் பதிய வேண்டும். விசா 180 நாளுக்கு மேற்பட்டது என்றால், 14 நாளுக்குள் அவர்களும் வெளிநாட்டவர் பதிவை முடிக்க வேண்டும்.

பல சபைகள் மாட்டிக்கொள்வது பணத்தில். வெளிநாட்டுக் காணிக்கையை வாங்க சபைக்கு எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவோ முன் அனுமதியோ இருக்க வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு, அந்தப் பணம் ஸ்டேட் பேங்கின் புதுதில்லி முதன்மைக் கிளையில் உள்ள கணக்குக்குத்தான் முதலில் வர வேண்டும். பதிவுள்ள சபை வாங்கி, பதிவில்லாத சபைக்குக் கைமாற்றிவிடவும் முடியாது. மிஷனரியின் சொந்தக் கணக்கில் வாங்கி கோயில் கூரைக்குச் செலவழிக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள்.

வீடு வெயில் படும் பக்கமாக இருக்கட்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழையில் புத்தகமும் தோல் செருப்பும் பூசணம் பிடிக்கும். பாஸ்போர்ட்டைக் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். அமெரிக்காவிலிருந்து வருபவர்கள் ஒவ்வொரு மின்கருவியிலும் ‘100–240’ என்று அச்சிட்டிருக்கிறதா பார்க்க வேண்டும். 120 வோல்ட் மட்டும் என்றால் இங்குள்ள 230 வோல்ட்டில் கருகிவிடும். தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகு ஒரு நிமிடமாவது விட்டு இறக்குங்கள். சேற்றில் இறங்கும் வேலை இருந்தால், எலிக்காய்ச்சல் தடுப்பு மாத்திரை பற்றி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

இனி மொழி. எல்லாவற்றையும்விட இதற்குத்தான் நேரம் ஒதுக்க வேண்டும். வேதாகமத் தமிழ் மட்டும் படித்துவிட்டு வருபவருக்கு லயத்தில் (தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) பேசுவது ஒரு வார்த்தை புரியாது. ‘வருகிறார்கள்’ என்று படித்தவர் காதில் ‘வர்றாங்க’ விழும். அதனால் முதல் மூன்று மாதம் பிரசங்கமே கொடுக்காதீர்கள். தினம் ஒரு மணி நேரம், கொழுந்து எடுக்கும் அக்கா ஒருவர் பேச்சுத் தமிழ் சொல்லிக்கொடுக்கட்டும்; அதற்கு ஒழுங்காகச் சம்பளமும் கொடுங்கள். அவர் வேலை முடிந்து, குளித்து, உலை வைத்த பிறகுதான் பாடம். வீடு சந்திப்பும் அந்த நேரத்துக்குப் பிறகே.

தேவிகுளம் தாலுகா அலுவலகத்தில் மலையாளம்தான் பெரும்பாலும் ஓடும். தமிழும் மலையாளமும் ஒன்றுபோலக் காதில் விழுவதால் தடுமாற்றம் அதிகம். மலையாளத்தில் ‘வெள்ளம்’ குடிக்கும் தண்ணீர். ‘அவசரம்’ என்றால் வாய்ப்பு, ‘பட்டி’ என்றால் நாய். ‘சம்சாரிக்கணும்’ என்று ஒருவர் சொன்னால் பேச வேண்டும் என்கிறார். மனைவியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. இப்படி ஐம்பது சொல்லைத் தாளில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டிவையுங்கள்.

அழைக்கும் முறையையும் சொல்லிக்கொடுங்கள். போதகரை, சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) தமிழர் ‘ஐயர்’ என்பார்கள், கத்தோலிக்கர் ‘சாமி’ அல்லது ‘ஃபாதர்’ என்பார்கள், மலையாளிகள் ‘அச்சன்’ என்பார்கள். வயதில் மூத்த தொழிலாளியை அவர் பெயர் சொல்லிக் கூப்பிடவே கூடாது. அண்ணன், ஐயா, அம்மா என்றுதான்.

முதுவர் பழங்குடியினரின் குடிகளுக்கு ஆர்வத்தில் கிளம்பிவிடப் போகிறார்கள், கவனம். இடமலைக்குடி போன்ற இடங்களுக்கு வனத்துறை அனுமதி வேண்டும். உடுமலைப்பேட்டைக்குப் போவதென்றால் பகலிலேயே சின்னாறு காட்டைத் தாண்டிவிடுங்கள். அந்தி சாய்ந்தால் ரோட்டில் யானை நிற்கும்.