“முழுக்கச் சாப்பிட்டானா?” – கடிதமும் பதிலும்

அன்புள்ள அம்மா அவர்களுக்கு,

வணக்கம். திருமணமாகித் திருநெல்வேலியிலிருந்து டர்பனுக்கு வந்தவள் நான். சாட்ஸ்வொர்த்தில் என் வீட்டிலேயே ஐந்து குழந்தைகளைப் பகல் முழுவதும் பார்த்துக்கொள்கிறேன். மதிய உணவும் என் பொறுப்பு. மூன்று பேரால் தொல்லை இல்லை. நான்கு வயதுப் பையன் ஒருவன் சோறும் தயிரும் தவிர எதையும் தொடுவதில்லை. இரண்டு வயதுப் பெண் குழந்தையோ புட்டிப் பாலோடு வருகிறாள். சோற்றைக் கண்டால் வாயை இறுக்கிக்கொள்கிறாள். கைப்பேசியில் பொம்மைப் படம் காட்டியும், நாலு வாய் வாங்கினால் சாக்லேட் தருவதாகச் சொல்லியும் ஊட்டிப் பார்க்கிறேன். பன்னிரண்டு மணிச் சாப்பாடு ஒன்றரை வரை இழுக்கிறது. பையனின் ஆயா (பாட்டி) தினமும் ஒரு சிப்ஸ் பொட்டலத்தைப் பையில் வைத்து அனுப்புகிறார். மாலையில் அவன் அம்மா வந்ததும் கேட்கும் முதல் கேள்வி, “முழுக்கச் சாப்பிட்டானா?” பணம் வாங்கிக்கொண்டு பிள்ளையைப் பட்டினி போடுகிறேன் என்று நினைத்துவிடுவார்களோ என்று அஞ்சுகிறேன். என்ன செய்யலாம்?

— ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த்

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். மாலையில் அந்தத் தாயிடம் காலித் தட்டைக் காட்டியாக வேண்டும் என்ற நெருக்கடிதான் கைப்பேசியையும் சாக்லேட்டையும் உங்கள் வீட்டுச் சாப்பாட்டுக்குள் கொண்டுவந்திருக்கிறது என்று எனக்குப் படுகிறது. அதை இறக்கி வைக்காமல் சமையலில் மட்டும் மாற்றம் செய்தால் பயன் குறைவாகவே இருக்கும். எலின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியலாளர் 1980களில் வகுத்த ஒரு பங்கீடு இன்றும் குழந்தை உணவு ஆலோசகர்கள் பலருக்கு அடிப்படையாக இருக்கிறது: என்ன உணவு, எந்த நேரம், எந்த இடம் என்பவை பெரியவரின் பொறுப்பு, சாப்பிடுவதா, எவ்வளவு என்பவை குழந்தையின் பொறுப்பு. உங்கள் பங்கை மட்டும் கண்டிப்பாகச் செய்யுங்கள், அதற்கு மேல் ஒரு கவளம்கூட உங்கள் கணக்கில் இல்லை என்பதே என் பதிலின் சாரம்.

முதலில் அந்தப் பெண் குழந்தையைப் பார்ப்போம். முதல் வயதுக்குள் பிறந்த எடையைப் போல மூன்று மடங்காகும் குழந்தை, இரண்டாம் ஆண்டில் ஏறத்தாழ இரண்டு, இரண்டரை கிலோதான் கூடுகிறது. வளர்ச்சி நிதானப்படும்போது பசியும் குறைவது இயல்பு. அதை நாம்தான் அடம் என்று எண்ணிக்கொள்கிறோம். அதோடு, இரண்டு முதல் ஆறு வயது வரை பழகாத உணவைக் கண்டு மிரள்வதும் வளர்ச்சியின் ஒரு பகுதியே. ஆனால் புட்டிப் பாலைப் பற்றி அவசியம் கேட்டறியுங்கள். நாள் முழுவதற்குமாக அரை லிட்டருக்கு மேல் பால் குடிக்கும் குழந்தைக்குச் சோற்றுக்கு வயிற்றில் இடம் இருக்காது. இரும்புச்சத்துக் குறையும் வாய்ப்பும் கூடும். காலைச் சிற்றுணவு ஒன்பதரைக்கு, மதிய உணவு பன்னிரண்டுக்கு, இடையில் தண்ணீர் மட்டும் என்று வைத்துக்கொண்டு, பாலைச் சிற்றுணவோடு கோப்பையில் கொடுங்கள். நம் வீடுகளில் பாலைத் தேநீராக்கிப் புட்டியில் ஊற்றிக் கொடுக்கும் வழக்கமும் உண்டு. தேயிலை உணவிலுள்ள இரும்பை உடலில் சேரவிடாமல் தடுப்பதால், நான் பார்த்தவரை இதுதான் எல்லாவற்றிலும் கெட்ட வழக்கம்.

தயிர்ச் சோற்றுப் பையனைப் பற்றி எனக்கு உங்கள் அளவுக்குக் கவலையில்லை. தயிரில் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் இருக்கின்றன, இல்லாதது இரும்பு. தென்னாப்பிரிக்காவில் 2003 அக்டோபர் முதல் ரொட்டி மாவிலும் மீலி மாவிலும் (மக்காச்சோள மாவு) இரும்புச்சத்தைச் சேர்ப்பது சட்டம் என்பதால், காலையில் ஒரு துண்டு ரொட்டியோ மீலி மாவுக் கஞ்சியோ அவன் ஏற்றுக்கொண்டால் அந்தக் குறை ஓரளவு ஈடாகும். மதியத்தில் தயிர்ச் சோறு அவனுக்கு எப்போதும் கிடைக்கும் என்பது அவனுக்குத் தெரிந்திருக்கட்டும். பக்கத்தில் ஒரு தேக்கரண்டிப் பருப்போ, மசித்த சுகர் பீன்ஸ் பயறோ, பூசணியோ பேசாமல் இருக்கட்டும். அதைச் சோற்றுக்குள் மறைத்துப் பிசைந்து விடாதீர்கள். கண்டுபிடித்துவிட்டால் அவன் நம்பிச் சாப்பிடும் ஒரே உணவையும் இழப்பீர்கள். ஒரு புது உணவைக் குழந்தை ஏற்க எட்டு முதல் பதினைந்து முறை வரை அதைச் சந்திக்க வேண்டியிருக்கும் என்கின்றன ஆய்வுகள். பெரும்பாலான வீடுகளில் நான்கைந்து முறையிலேயே நாம் கைவிட்டுவிடுகிறோம். டர்பன் கறியின் காரத்தையும் மறக்க வேண்டாம்: மசாலாப் பொடி விழுவதற்கு முன்பே குழந்தைகளின் பங்கைத் தனியே எடுத்துவிடுவதுதான் வழி.

சாக்லேட்டைப் பற்றி லீன் பர்ச் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் 1984இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. ஒரு பானத்தைக் குடித்தால் பரிசு என்று சொல்லிக் கொடுத்தபோது, பரிசு பெற்ற சிறு குழந்தைகளுக்கு அந்தப் பானத்தின் மேலிருந்த விருப்பம் முன்பைவிடக் குறைந்தது. கூலி கொடுத்துச் செய்யச் சொல்லும் வேலை நல்லதாக இருக்காது என்று குழந்தைக்கும் தெரிகிறது. கைப்பேசியின் கேடு வேறு வகை. திரையில் கண்ணை வைத்திருக்கும் குழந்தை வாயில் போவதைச் சுவைப்பதுமில்லை, வயிறு நிறைந்ததை உணர்வதுமில்லை. நிலாவைக் காட்டி ஊட்டிய மரபில் வந்தவர்களாயிற்றே நாம் என்று நீங்கள் கேட்கலாம். நிலாவைக் காட்டியவர் குழந்தையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது தலையைத் திருப்பியதும் நிறுத்தவும் அவருக்குத் தெரிந்திருந்தது.

உங்களிடம் இருக்கும் பெரிய பலத்தை நீங்கள் கடிதத்தில் ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள்: தொல்லையில்லாமல் சாப்பிடும் அந்த மூன்று குழந்தைகள். அதே பர்ச் 1980இல் செய்த ஆய்வில், ஒரு காய்கறியை விரும்பாத குழந்தையை, அதை விரும்பி உண்ணும் குழந்தைகளோடு சில நாட்கள் சேர்த்து உட்கார வைத்தபோது அது தானாகவே அந்தக் காயை எடுக்கத் தொடங்கியது. வயதில் சிறியவர்களிடம் இந்த மாற்றம் இன்னும் தெளிவாக இருந்தது. தனிப்பிள்ளையாக வளரும் வீட்டில் கிடைக்காத வாய்ப்பு இது. ஆகவே இருவரையும் தனியே உட்கார வைத்து ஊட்டாமல், ஐவரையும் ஒரே பாயில் அல்லது மேசையில் உட்கார வைத்து, நடுவில் சிறு கிண்ணங்களை வையுங்கள். அவரவரே கரண்டியால் எடுத்துக்கொள்ளட்டும். நீங்களும் அதே உணவைக் கூடவே உண்ணுங்கள். சிந்தும், துடைக்க வேண்டியிருக்கும். “பார், அக்கா எப்படிச் சாப்பிடுகிறாள்” என்ற ஒப்பீடு மட்டும் வேண்டாம். அரை மணி நேரம் ஆனதும் தட்டுகளை எடுத்துவிடுங்கள்; மிச்சத்தைப் பற்றி எதுவும் சொல்ல வேண்டாம். அடுத்த உணவு இரண்டரை மணி நேரத்தில் வந்துவிடும்.

எல்லாவற்றையும் காத்திருந்து பார்த்துக்கொள்ளலாம் என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொரு விழுங்கலிலும் இருமினாலோ குமட்டினாலோ, முன்பு உண்டவற்றை ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே வந்தாலோ, கிளினிக்கில் தரும் ‘ரோடு டு ஹெல்த்’ கையேட்டில் எடைக்கோடு கீழ்நோக்கித் திரும்பியிருந்தாலோ, பெற்றோரைத் தாமதமின்றிக் கிளினிக்குக்கு அனுப்புங்கள்.

இனி அந்தத் தாய். அவரிடம் கதவருகில், பையன் கேட்க, இதைப் பேசாதீர்கள். ஒரு நாள் தொலைபேசியில் அழைத்து, கையேட்டை வாங்கி எடையை அவரோடு சேர்ந்து பாருங்கள். எடை சரியாக ஏறிக்கொண்டிருந்தால் பாதி அச்சம் அங்கேயே தீர்ந்துவிடும். பிறகு ஒரு நோட்டில் அன்றன்று வைத்தது என்ன, அவன் உண்டது என்ன என்று மட்டும் எழுதிக் கொடுங்கள். “நன்றாகச் சாப்பிட்டான்”, “சரியாகச் சாப்பிடவில்லை” என்ற மதிப்பெண் அதில் வேண்டாம். இரண்டு வாரம் சேர்த்துப் படித்தால், ஒரு நாள் குறைந்தது மறுநாள் ஈடாவது அவருக்கே தெரியும். ஆயாவின் பொட்டலம் எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுவான ஒரு விதியால்தான் நிற்கும்: வெளியிலிருந்து வரும் தின்பண்டம் உங்கள் வீட்டில் திறக்கப்படுவதில்லை என்று ஐந்து குடும்பங்களுக்கும் ஒரே செய்தியாக அனுப்பிவிட்டு, பொட்டலத்தைப் பிரிக்காமல் மாலையில் பையிலேயே திருப்பி அனுப்புங்கள். வீட்டுக்குப் போனதும் ஆயா அதைப் பிரித்துக் கொடுத்தால், அது அவர் வீட்டு விஷயம்.